திலேப்பியாவுக்காகக் கைகோத்த பல்கலைக்கழகங்கள்

ஏரியில் வலை வீசினால் ஜிலேபிக் கெண்டை கூடை கூடையாக வரும். ஆனால் பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மொசாம்பிக் திலேப்பியா என்ற ஆப்பிரிக்க மீன்தான் அது. 1952-இல் இந்தியாவுக்குள் வந்தது. சில மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். குளம் குஞ்சுகளால் நிறையும், இரை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்காகும், எந்த மீனும் பருக்காது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நைல் திலேப்பியாவோ இன்று உலகில் மிக அதிகமாக வளர்க்கப்படும் மீன்களில் ஒன்று. பாசியும் தாவரத் தீவனமும் தின்று வளர்வதால், கடல்மீனை அரைத்து அதற்குப் பெரிதாகத் தீவனம் போட வேண்டியதில்லை. இந்த மீனைப் பண்ணைக்கு ஏற்றதாக்கியதில் சில பல்கலைக்கழகங்கள் நாடு கடந்து கைகோத்து உழைத்த உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த உழைப்பு நடந்த இடம், பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் நெல்வயல்கள் சூழ்ந்த முன்யோஸ் என்ற ஊர். மத்திய லூசோன் அரசுப் பல்கலைக்கழகமும் அதன் நன்னீர் மீன்வளர்ப்பு மையமும் அங்கேதான் இருக்கின்றன.

சிக்கல் எங்கே இருந்தது?

விவசாயி நல்ல நெல்லை விதைக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைத்தான் விற்பார். மீன் பண்ணையில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். பருத்த மீன் சந்தைக்குப் போகும்; விலை போகாத சிறிய மீன் தொட்டியில் தங்கி அடுத்த தலைமுறைக்குத் தாயாகும். போதாக்குறைக்கு, பொரிப்பகங்களில் தாய்மீன்கள் சிலவே இருக்கும். அண்ணன் தங்கையே ஜோடி சேர, தலைமுறைக்குத் தலைமுறை வளர்ச்சி குன்றும். இந்த நட்டம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் சரியில்லை, தீவனம் சரியில்லை என்றே பண்ணைக்காரர் நினைத்துக்கொள்வார்.

கர்நாடகத்தின் கெண்டை மீன் பொரிப்பகங்களில் இப்படித்தான் நடக்கிறது என்பதை 1980-களில் ஆராய்ந்து காட்டியவர் அம்பேகர் ஏக்நாத் என்ற இந்திய அறிவியலாளர். கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரின் டல்ஹௌசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஜர் டாயிலுடன் சேர்ந்து அந்த ஆய்வைச் செய்தார். பின்னாளில் முன்யோஸில் நடந்த பெரிய திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஏக்நாத்தும் ஒருவர்.

கனடாவின் கை: செலவில்லாத முறை

1986-இல் முன்யோஸின் நன்னீர் மீன்வளர்ப்பு மையம் டல்ஹௌசியின் துணையோடு நைல் திலேப்பியாவில் ஒரு தேர்வு முறையைத் தொடங்கியது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த குஞ்சுகளை ஒரு குடும்பமாகத் தனியே வளர்ப்பார்கள். பதினாறு வாரம் ஆனதும் ஒவ்வொரு குடும்பத்திலும் அதிக எடையுள்ள ஆணையும் பெண்ணையும் மட்டும் நிறுத்திக்கொள்வார்கள். பிறகு சம்பந்தம் பேசுவதுபோல, முதல் வீட்டு ஆணுக்கு இரண்டாம் வீட்டுப் பெண், இரண்டாம் வீட்டு ஆணுக்கு மூன்றாம் வீட்டுப் பெண் என்று சுற்றிவர ஜோடி சேர்ப்பார்கள். உடன்பிறந்தவை சேர வழியே இல்லை. மீனுக்கு எண் கட்ட வேண்டாம், கணினி வேண்டாம். தராசும் நோட்டுப் புத்தகமும் போதும்.

பன்னிரண்டு தலைமுறை இதையே விடாமல் செய்தார்கள். தலைமுறைக்குச் சராசரியாக 12 விழுக்காடு எடை கூடியது. இந்தக் கணக்கையெல்லாம் முன்யோஸின் ஆய்வாளர் ரெமெடியோஸ் பொலிவார் டல்ஹௌசியில் தன் முனைவர் பட்ட ஆய்வாக்கி, 1998-இல் அளித்தார். அவர் ஹாலிஃபாக்ஸில் படித்தது தன் ஊர்த் தொட்டிகளில் வளர்ந்த மீனைப் பற்றி. படிப்பு கடல் கடந்து நடந்தாலும், ஆய்வும் பலனும் ஊரிலேயே தங்கின.

நார்வேயின் கை: எட்டு ஊர் மீன்கள்

நார்வே 1970-களின் தொடக்கத்திலேயே சால்மன் மீனில் இந்தத் தேர்வு வேலையைத் தொடங்கியிருந்தது. ஓஸ் என்ற ஊரிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் கால்நடை இனவிருத்தி கற்பித்த ஹரால்ட் ஷெர்வோல்டும் அவரோடு பணியாற்றிய திரிக்வே யெட்ரெமும், மாட்டுக்கும் பன்றிக்கும் பயன்பட்ட கணக்கு மீனுக்கும் பொருந்தும் என்று நம்பினார்கள். சுமார் 40 ஆறுகளிலிருந்து சால்மன் சேகரித்து அதை மெய்ப்பித்தார்கள். அந்த முயற்சியிலிருந்து அக்வாஃபோர்ஸ்க் என்ற ஆய்வு நிறுவனம் வளர்ந்தது.

1988-இல் அந்த அறிவு முன்யோஸுக்கு வந்தது. இன்று வோர்ல்டுஃபிஷ் என்ற பெயரில் இயங்கும் ஆய்வு மையம், அக்வாஃபோர்ஸ்க், பிலிப்பைன்ஸ் மீன்வளத் துறை, அந்நாட்டின் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஆகியவை சேர்ந்து தொடங்கியதுதான் ‘கிஃப்ட்’ திட்டம். ‘மரபுவழி மேம்படுத்தப்பட்ட பண்ணைத் திலேப்பியா’ என்பது அதன் பொருள். எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் நீர்நிலைகளிலிருந்து காட்டு மீன்களைச் சேகரித்தார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழக விலங்கியலாளர்கள் அதற்கு உதவினார்கள். ஆசியப் பண்ணைகளில் வழங்கிய நான்கு வகைகளும் சேர, மொத்தம் எட்டு வகைகள்.

எட்டையும் ஒன்றுக்கொன்று கலந்து 64 விதச் சேர்க்கைகளை உண்டாக்கி, வெவ்வேறு சூழல்களில் வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு பலரையும் வியக்கவைத்தது. கானா வகை நீங்கலாக, இயற்கை நீர்நிலைகளிலிருந்து வந்தவை பண்ணையில் பழகிய மீன்களுக்கு ஈடாகவோ, அவற்றை மிஞ்சியோ வளர்ந்தன. பண்ணைகளில் மீன் எவ்வளவு சீரழிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நன்கு வளர்ந்த 25 சேர்க்கைகளிலிருந்து புதிய இனத்துக்கு அடித்தளம் இட்டார்கள். ஐந்து தலைமுறைத் தேர்வுக்குப் பிறகு, தொடக்கத்தில் இருந்ததைவிட 85 விழுக்காடு கூடுதல் வளர்ச்சி கிடைத்தது. இது மரபணு மாற்றப்பட்ட மீன் இல்லை. நல்ல காளையைத் தேர்ந்து சேர்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு, கணக்கின் நுணுக்கத்தில் மட்டும்தான்.

வேல்ஸின் கை: ஆண் மீன் மட்டும்

திலேப்பியாவில் பெண்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் இரை எடுக்காது. அதனால் ஆணைப்போல் வளராது. ஆணை மட்டும் வளர்த்தால் எடையும் கூடும், குளத்தில் குஞ்சும் பெருகாது. இதற்காகப் பல நாடுகளில் குஞ்சுகளுக்கு ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுக்கிறார்கள்.

பிரிட்டனில் வேல்ஸின் ஸ்வான்சி பல்கலைக்கழகமும் முன்யோஸும் சேர்ந்து வேறு வழி கண்டன. ஆண்மீனுக்கு எக்ஸ், ஒய் என்ற இரண்டு குரோமோசோம்கள். பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆண்மீனைக் குஞ்சிலேயே ஹார்மோன் கொடுத்துப் பெண்ணாக மாற்றி, இன்னோர் ஆணோடு சேர்த்தால், பிறப்பவற்றில் நான்கில் ஒன்றுக்கு இரண்டும் ஒய்யாக அமையும். அந்த ‘இரட்டை ஒய்’ ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் ஏறக்குறைய எல்லாக் குஞ்சும் ஆணே. ஹார்மோன் முன்னோர் மீன்களோடு நின்றுவிடுகிறது. தட்டுக்கு வரும் மீன் அதைத் தொட்டதே இல்லை.

முறை பரவிய விதம்

முன்யோஸில் கற்ற பாடம் அங்கேயே நிற்கவில்லை. 1993-இல் மீன் மரபியலுக்கான பன்னாட்டு வலையமைப்பு ஒன்று உருவாகி, பல நாட்டு ஆய்வாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. திலேப்பியாவின் தாயகமான ஆப்பிரிக்காவுக்கு கிஃப்ட் மீனை அனுப்பத் தொடக்கத்தில் தயங்கினார்கள். அது தப்பி ஆற்றில் கலந்தால், அங்குள்ள இயல்பான இனங்கள் கெட்டுவிடும் என்பது அச்சம். எனவே மீனுக்குப் பதில் முறையைக் கொண்டுபோனார்கள். எகிப்து அப்பாஸாவிலும் கானா அகோசோம்போவிலும் உள்ளூர் மீனிலிருந்தே புதிய வகைகள் பிறந்தன.

இந்தியாவில் புவனேசுவரத்தின் நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனமும் அக்வாஃபோர்ஸ்கும் 1992-இல் ரோகு கெண்டையில் இதே வேலையைத் தொடங்கின. ஆறுகளிலிருந்து திரட்டிய மீன்களைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்து, விடுதலைப் பொன்விழா ஆண்டான 1997-இல் ‘ஜெயந்தி ரோகு’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். கிஃப்ட் திலேப்பியாவும் இங்கு வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் அதன் குஞ்சுகளை உற்பத்தி செய்து தருகிறது. இதை வளர்க்க அரசின் அனுமதி வேண்டும். ஏரி, ஆறுகளில் விடக் கூடாது.

பன்னாட்டுக் கூட்டாய்வு என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு முடிவதைப் பலமுறை பார்க்கிறோம். முன்யோஸ் வென்றதற்குக் காரணம், வெளிநாட்டார் ஊர் திரும்பிய பிறகும் தராசையும் நோட்டையும் கையில் எடுக்க அங்கே ஆள் இருந்ததுதான். நல்ல மீன் இனம் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. சில தலைமுறை கவனிக்காமல் விட்டால், அதன் வளர்ச்சி மீண்டும் குன்றத் தொடங்கும்.

பண்ணைக்குட்டைக்குக் குஞ்சு வாங்கப் போகிறவர்கள் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இவற்றின் தாய்மீன்கள் எங்கிருந்து வந்தவை, எத்தனை ஜோடி வைத்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்லக் கணக்கு வைத்திருக்கும் பொரிப்பகத்திலேயே வாங்குங்கள்.