மழை விட்டால் பூக்கும் முந்திரி

பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலத்திலிருந்து தை மாதத்தில் பண்ருட்டிப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செம்மண் காடெங்கும் முந்திரி பூத்திருக்கும். வெளிறி விரிந்து, பிறகு சிவக்கிற பொடிப்பூ. பார்க்க ஒன்றுமில்லை, வாசனைதான் ஆளைத் தூக்கும்.

இதே மரத்தை லண்டனில் வளர்க்கக் கண்ணாடி வீடு கட்டிக் குளிர்காலம் முழுக்கச் சூடேற்ற வேண்டும். அங்குள்ள கியூ தாவரவியல் தோட்டத்தில், 1987-இல் திறந்த வேல்ஸ் இளவரசி கண்ணாடி மாளிகைக்குள் பத்து விதத் தட்பவெப்பங்களைக் கணினி பார்த்துக்கொள்கிறது. வெளியே மரங்கள் மொட்டையாக நிற்கும் பிப்ரவரியில் உள்ளே ஆர்க்கிட் திருவிழா நடத்துவது வழக்கம். வெப்பத்தையாவது காசு கொடுத்து வாங்கிவிடலாம், வெளிச்சம்தான் பெரும்பாடு. டிசம்பரில் லண்டனின் பகல் எட்டு மணி நேரத்தைத் தாண்டுவதே அரிது. விருத்தாசலத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம்.

மத்தியதரைக் கடல் செடிகளுக்கான கூடங்களில் கணக்கு வேறு. உறைபனி படாமல் காத்தால் போதும், கதகதப்பு கூடினால் கெடுதல். குளிர்காலத்தில் போதிய குளிர் கிடைத்தால்தான் ஆலிவ் மரம் வசந்தத்தில் பூக்கும். அதை விருத்தாசலத்தில் நட்டால் தழைக்கலாம், பூப்பது சந்தேகமே. முந்திரிக்கோ உறைபனி எமன்.

பகலின் நீளம் பெரிதாக மாறாத ஊரில், பூக்கும் வேளை மரத்துக்கு எப்படித் தெரிகிறது? ஐப்பசி, கார்த்திகை மழை வேரை நனைத்ததும் கொழுந்து விடுகிறது. மழை ஓய்ந்து வானம் வெளுத்து மண் உலரும்போது, அந்தக் கொழுந்துகளின் நுனியில் பூங்கொத்து வருகிறது. பக்கத்துத் தோப்பு மாமரத்தைத் தூண்டுவதில் இரவுக் குளிர்ச்சிக்குப் பெரும் பங்குண்டு. முந்திரிக்கு மழை விடுவதே முக்கியம். மார்கழிக் கடைசியில் மேகம் கவிந்து தூறினால் விவசாயிக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான். போதாததற்குத் தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சி வேறு: கொழுந்திலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சிவிட்டால் கொத்தே கருகிப்போகும்.

ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருந்தாலும் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய் பிடிப்பது இருபால் பூவில் மட்டும். பசையுள்ள மகரந்தம் காற்றில் பறக்காது. தேனீயோ ஈயோ எறும்போ சுமந்து வர வேண்டும். இத்தனைக்கும் பிறகு கொத்துக்கு ஒரு சில கொட்டைகள் தேறும். முதலில் கொட்டை வளர்ந்து முடிகிறது. அப்புறம்தான் அதன் காம்பு ஊதிச் சாறு கட்டுகிறது. தொண்டை கரகரக்க நாம் கடித்துத் தின்னும் முந்திரிப் பழம் அந்தக் காம்புதான்.

ஊர்ப் பூச்சியெல்லாம் ஊர் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதால், விதை போட்டு முளைத்த கன்று தாய்மரத்தைப் போல் இருக்கும் என்று நம்ப முடியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் நல்ல மரங்களைத் தேர்ந்து வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்களை வெளியிட்டது. அவை ஒட்டுக்கன்றுகளாகப் பரவின. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூர் மாவட்டத்தில் முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தபோது பூப்பருவம் வாசலில் நின்றது. மறுபடி நடுகிறவர்களுக்கு ஒட்டுக்கன்றால் ஒரு லாபம்: மூன்றாம் ஆண்டு வாக்கிலேயே காய்ப்பைப் பார்த்துவிடலாம்.