சமையல் மேடை விரிசலும் மூச்சிளைப்பும்

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடானாலும் மூணாறு, பீர்மேடு மலைவீடானாலும், கிரானைட் மேடையும் சுவர் டைல்ஸும் சேரும் மூலையைக் குனிந்து பாருங்கள். பல வீடுகளில் அங்கே ஒயிட் சிமென்ட் வெடித்துக் கறுத்திருக்கும். அழகுக் குறைதானே என்று விட்டுவிடுகிறோம். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் அப்படி விடவே கூடாது.

விரிசலுக்குள் என்ன நடக்கிறது?

கழுவும் தண்ணீரும் எண்ணெயும் சோற்றுத் துணுக்கும் அதற்குள் இறங்கும். துடைக்கும் துணி இறங்காது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதன் நுண்வித்துகள் காற்றில் கலந்து தும்மலும் இளைப்பும் தரும். வீட்டு ஈரம், பூஞ்சை பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. சமையலறையில் ஓடும் சின்னப் பழுப்புக் கரப்பானுக்குச் சில மில்லிமீட்டர் இடுக்கு போதும். அதன் ஒரே முட்டைப்பையில் 30 முட்டைக்கு மேல் இருக்கும். அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்.

பூசப்பூச ஏன் வெடிக்கிறது?

மேடையும் சுவரும் சூட்டிலும் பாரத்திலும் தனித்தனியே அசையும். பாலக்காட்டில் பங்குனி, சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். மூணாற்றிலோ ஆனி, ஆடி மழையில் சுவர் காய்வதே இல்லை. சிமென்ட் வளைந்துகொடுக்காது, வெடிக்கும். அதன்மேலேயே மறுபடி பூசுவது காசுக்குக் கேடு. அந்த மூலைக்கு வேண்டியது இழுபடும் சிலிக்கான் பசை.

அடைக்கும் முறை

முதலில் குழாய், சிங்க் கசிவைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்ததாகிவிடும். மாஸ்க் போட்டுக்கொண்டு பழைய சிமென்டை முழுக்கச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். ப்ளீச்சிங் பவுடர் போட்டால் அதோடு ஆசிட்டையோ வினிகரையோ சேர்க்கவே வேண்டாம். நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும். பிறகு நன்றாகக் காயவிடுங்கள். மலைப்பகுதிக்காரர்கள் இந்த வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்வது நல்லது.

கடையில் பூஞ்சைத் தடுப்புள்ள 'நியூட்ரல்' சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். புளிப்பு வாடை அடிக்கும் வகை சில கற்களில் கறை விடும். இடுக்கின் மேலும் கீழும் டேப் ஒட்டி, சிலிக்கானை நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் நீவி, அது இறுகும் முன்பே டேப்பை உரித்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

அடைத்த பிறகும் பிள்ளைக்கு ராத்திரி இருமலும் இளைப்பும் நீடித்தால் பக்கத்துக் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தில் காட்டுங்கள். சுவர் ஈரத்தையும் கரப்பான் தொல்லையையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.