எந்த வாசலைத் தட்டுவது?

ரயில் பாஸின் அருமையை அறியாதார் நம்மில் யாவர்? ஊருக்குப் போகும் நாளை எண்ணியே வாழும் குடும்பங்கள் அல்லவா நாம்! அத்தகைய பாஸ் ஒன்றைக் குறித்து அமெரிக்காவில் நடந்த வழக்கு, ரயில்வே குமாஸ்தாவாகிய என்னைச் சிந்திக்க வைத்தது.

1871 ஆம் ஆண்டு, கென்டக்கி மாநிலத்து மாட்லி தம்பதியர் ரயில் மோதலில் காயமுற்றனர். அவர்கள் நஷ்ட ஈட்டு உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, லூயிவில்–நாஷ்வில் ரயில்வே கம்பெனியார் ஆயுள் முழுவதும் இலவசப் பாஸ் அளிக்க ஒப்பினர். பாஸ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1906-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இலவசப் பாஸ்களைத் தடுத்துச் சட்டம் இயற்றவே, மறு ஆண்டு கம்பெனியார் கையை விரித்தனர். தம்பதியர் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்காடி வென்றனர்.

கம்பெனியார் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றனர். 1908-ல் அங்கு நிகழ்ந்தது விந்தை! பாஸ் செல்லுமா என்பதை நீதிபதிகள் ஆராயவே இல்லை. இவ்வழக்கை விசாரிக்கச் சமஷ்டி நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்று, இரு கட்சியாரும் எழுப்பாத கேள்வியைத் தாமே எழுப்பி, இல்லையென்று முடிவு செய்தனர்.

காரணம் யாது? அந்நாட்டில் பெரும்பாலான வழக்குகள் மாநில நீதிமன்றங்களுக்கே உரியன. சமஷ்டி நீதிமன்றத்துக்கு முக்கியமான வாசல்கள் இரண்டு: வழக்கு சமஷ்டிச் சட்டத்தின்பாற்பட்டதாக இருத்தல் வேண்டும், அன்றேல், வழக்காடுவோர் வெவ்வேறு மாநிலத்தவராய் இருத்தல் வேண்டும். இங்கோ இரு தரப்பும் கென்டக்கியைச் சேர்ந்தவை. தம்பதியர் கேட்டது ஒப்பந்த உரிமை. காங்கிரஸின் சட்டம் கம்பெனியார் சொல்லக்கூடிய பதில் மட்டுமே. எதிரியின் பதிலை முன்கூட்டியே மனுவில் எழுதிவிட்டால் வாசல் திறந்துவிடாது. இரு கட்சியாரும் சம்மதித்தாலும் இல்லாத அதிகாரம் வந்துவிடாது.

தம்பதியர் மாநில நீதிமன்றத்தில் மீண்டும் வழக்காடி வென்றனர். ஆனால் 1911-ல் அதே சுப்ரீம் கோர்ட், பழைய ஒப்பந்தப் பாஸையும் புதுச் சட்டம் தடுக்கும் என்று தீர்ப்பளித்தது. அலைந்தும் பயனில்லை!

எல்லை வேண்டியதே, இன்றேல் மாநில நீதிமன்றங்களின் உரிமையை மத்திய நீதிமன்றம் விழுங்கிவிடும். ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் எளிய தம்பதியர்.

நம் நாட்டில் மத்திய, மாநிலச் சட்டங்களை ஒரே நீதிமன்ற வரிசை விசாரிக்கிறது. எனினும் இங்கும் வாசல்கள் உண்டு. ரயில் விபத்தில் காயமுற்றோர் ரயில்வே சட்டப்படி நஷ்ட ஈடு கோரும் மனுவைச் சிவில் கோர்ட் ஏற்காது. 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ரயில்வே தீர்ப்பாயத்திலேயே அதைக் கொடுத்தல் வேண்டும். ஆகவே அன்பர்களே, நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. வழக்குத் தொடுக்குமுன் வாசல் எதுவெனக் கேட்டறிவீர்களாக!