மெதுவாகச் செல்பவருக்கும் சாலை சொந்தம்



தைப் பொங்கல் முடிந்ததும் காவிரிப் படுகையில் சம்பா அறுவடை மும்முரமாகிறது. கரும்பு வெட்டும் காலமும் அதுவே. நெல் மூட்டையும் வைக்கோலும் கரும்பும் ஏற்றிய டிராக்டர்கள், மாட்டு வண்டிகள், அறுவடை இயந்திரங்கள் எல்லாம் நம் ஊர்ச் சாலைகளுக்கு வருகின்றன. அவற்றின் பின்னால் நாமும் பைக்கிலும் காரிலும் செல்கிறோம். அந்தச் சில நிமிடங்களில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாம் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும், முன்னே டிராக்டர் 20 கி.மீ. வேகத்திலும் சென்றால், இடைவெளி நொடிக்கு 11 மீட்டர் குறைகிறது. 45 மீட்டர் தூரத்தில் அதைப் பார்த்தால், நமக்கு இருப்பது நான்கு நொடிகளே. டிரெய்லர் பழுதாகி நின்றிருந்தால் அந்த நேரமும் இல்லை. இரவில் பின்விளக்கு இல்லாத கரும்பு வண்டி நம் கண்ணுக்குத் தெரிவதே அருகில் வந்த பிறகுதான்.

அடுத்து, முந்திச் செல்வது. இன்ஜின் சத்தத்தில் டிராக்டர் ஓட்டுபவருக்கு நம் ஹாரன் கேட்பதில்லை. உயர்ந்த வைக்கோல் பாரம் நம்மை அவர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. வலப்புறம் வயலுக்கு இறங்கும் வழி இருந்தால் அவர் சட்டென்று திரும்பலாம். இடப்புறம் திரும்புவதற்கும் நீண்ட டிரெய்லரைச் சற்று வலப்பக்கம் ஒதுக்க வேண்டியிருக்கும். எனவே வளைவிலும் பாலத்திலும் வயல் வழிகளின் அருகிலும் முந்தாதிருப்போம். மாட்டு வண்டியின் அருகே ஹாரனை அலறவிட்டால் மாடு மிரளும். விலகி, மெதுவாகக் கடப்போம்.

பொறுமைக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? டிராக்டர் பின்னால் ஒரு கிலோமீட்டர் சென்றால் மூன்று நிமிடம் ஆகும், 60 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடம். நாம் இழப்பது இரண்டே நிமிடம். அதற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா?

வண்டி வைத்திருப்போருக்கும் கடமை உண்டு. பின்புறம் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டுவோம். பழுதான வண்டியை ஓரம் கட்டி, தொலைவிலேயே தெரியும்படி அடையாளம் வைப்போம். கரும்பு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்காமல் கட்டுவோம். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் குழந்தைகளையும் பெரியவர்களையும் டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வழக்கத்தைக் கைவிடுவோம். அது சுமைக்கானது, கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

எல்லாவற்றையும் மீறி விபத்து நேர்ந்தால் 108-ஐ அழைப்போம். 'போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே' என்று ஒதுங்க வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. அவருக்கு அச்சட்டம் சூட்டியுள்ள பெயர் 'நல்ல சமாரியர்'. நாம் கோவிலில் பலமுறை கேட்ட உவமையின் பெயர்தான் அது. அடிபட்டவரைக் கண்டும் விலகிச் சென்றவர்கள் அந்த உவமையிலும் இருந்தார்கள்.

நமக்கு முன்னே மெதுவாகப் போகும் அந்த வண்டியில் இருப்பது யாரோ அல்ல. நம் வீட்டுச் சோற்றுக்கான நெல்லை ஏற்றிச் செல்பவர். அவரும் மாலையில் வீடு திரும்ப வேண்டியவர். சற்றே வேகம் குறைப்போமா?