1 லட்ச ரூபாய் ஸ்பீக்கரை குட்டி யானையில ஏத்துறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

அரியலூர் சிமென்ட் ஃபேக்டரியில வேலை கிடைச்சு, பெரம்பலூர்ல இருந்து வீடு மாத்துறீங்கன்னு வெச்சுக்குவோம். தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அதனால குட்டி யானையைத்தான் பிடிக்கணும். "பக்கத்து ஊருதானே"ன்னு கட்டில், பீரோவோட ஸ்பீக்கரையும் ஏத்திடுவோம். ஆனா அந்த வண்டியிலேயே விலை அதிகமான பொருள், நீங்க இஎம்ஐ கட்டி வாங்கின அந்த ஜோடி டவர் ஸ்பீக்கராத்தான் இருக்கும்.

உடைஞ்சா எவ்வளவு கிடைக்கும்?

சாலை வழி சரக்குப் போக்குவரத்துக்கு 2007-ல ஒரு சட்டமும், 2011-ல அதுக்கான விதிகளும் வந்தன. புக் பண்ணும்போது பொருளோட மதிப்பை எழுதிக் கொடுத்து, அதுக்கான கூடுதல் ரிஸ்க் கட்டணத்தைக் கட்ட ஒத்துக்கலைன்னா, டிரான்ஸ்போர்ட்காரரோட பொறுப்பு வாடகையில 10 மடங்கோட முடிஞ்சிடும்.

உதாரணமா, வாடகை 3,000 ரூபாய், ஸ்பீக்கர் ஜோடி 1,20,000 ரூபாய். ரெண்டுமே உடைஞ்சாலும் அதிகபட்சம் 30,000 ரூபாய்தான். மீதி 90,000 உங்க கையை விட்டுப் போகும். ஸ்டாண்டுல பேசிப் பிடிக்கிற வண்டின்னா ரசீதே இருக்காது. அப்போ இந்த 30,000-ஐக் கேட்கக்கூட ஆதாரம் கஷ்டம்.

அதனால ரசீது வாங்குங்க, மதிப்பை அதுல எழுதச் சொல்லுங்க. சேதம் ஆச்சுன்னா, புக் பண்ணின தேதியில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துப்பூர்வமா நோட்டீஸ் கொடுக்கணும். இல்லைன்னா வழக்குப் போட முடியாது.

பேக்கர்ஸ் பில்லுல "இன்சூரன்ஸ்"னு ஒரு தொகை இருந்தா, பாலிசி சான்றிதழைக் கேட்டு வாங்குங்க. ரெண்டு விஷயம் கவனிங்க: நீங்களே பேக் பண்ணின பெட்டிக்கு கவர் உண்டா? வெளியில அடிபடாம உள்ளே மட்டும் பழுதானா பணம் தருவாங்களா? பல பாலிசிகள்ல இது ரெண்டும் விலக்கா இருக்கும். பேக்கிங்குக்கு முன்னாடி ஸ்பீக்கர் நல்லா பாடுறதை, சீரியல் நம்பரோட மொபைல்ல வீடியோ எடுத்து வைங்க.

பேக்கிங்

ஒரிஜினல் பெட்டியும் ஃபோமும் இருந்தா பாதி கவலை போச்சு. இல்லைன்னா இப்படிப் பண்ணுங்க:

1. ஒயர், அடியில இருக்கிற ஸ்பைக் எல்லாம் கழட்டி, தனிக் கவர்ல போட்டு பேர் எழுதுங்க.
2. கிரில்லை மாட்டியே வைங்க. அதுக்கு மேல கெட்டியான அட்டை ஒண்ணு வெச்சு மூடுங்க. கூம்பை விரலால தொடவே கூடாது.
3. பேஸ் வர்ற ஓட்டையை சுத்தமான துணியால அடைங்க. சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரி ஓடுற ரோட்டுல தூசி உள்ளே போயிடும்.
4. முதல்ல பழைய பெட்ஷீட், அப்புறம் பபிள் ராப், கடைசியா அட்டைப் பெட்டி. பபிள் ராப்பையோ டேப்பையோ நேரா பாலிஷ் மேல ஒட்டினா வெயில்ல தடம் விழும்.
5. வண்டியில கேபின் பக்கச் சுவரோட நிமிர்த்தி வெச்சு, பெல்ட் போட்டுக் கட்டுங்க. நிமிர்த்த இடமில்லைன்னா மெத்தை மேல முதுகுப் பக்கமா படுக்க வைங்க. முகம் கீழே வரவே கூடாது. மேல எதையும் அடுக்காதீங்க, தார்ப்பாய் மறக்காதீங்க.

ஆம்ப்ளிஃபையரை உங்க காரிலோ, மடியிலோ எடுத்துட்டுப் போறது நல்லது.

பில்லைத் தூக்கிப் போடாதீங்க

கம்பெனியே டிரான்ஸ்ஃபர் பண்ணி, சாமான் மாத்துற செலவுக்கு அலவன்ஸ் கொடுத்தா, உண்மையா செலவான தொகை வரைக்கும் அதுக்கு வருமான வரி கிடையாது. பில் இருந்தாத்தான் ஹெச்ஆர்கிட்ட காட்ட முடியும்.

இறக்கினதும் பெட்டியைப் பிரிச்சுப் பாருங்க. அடி பட்டிருந்தா, டெலிவரி ரசீதுலேயே எழுதிட்டு கையெழுத்துப் போடுங்க. "எல்லாம் சரியா வந்தது"ன்னு முதல்ல கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் பேசுறது ரொம்பக் கஷ்டம்.