விளக்கை அணைப்பது யார்?

விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனால் முதல் நாளே எனக்கு ஏச்சு விழும். குளியலறை விளக்கை அணைக்காமல் வந்திருப்பேன். "பில்லு யாரு கட்டுறது, உன் பல்கலைக்கழகமா?" என்பார்.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். அந்தக் காலத்தில் லயன் வீடுகளுக்குத் தோட்டத்து இஞ்சினிலிருந்துதான் மின்சாரம். பொழுது சாய்ந்ததும் வரும். இரவு பத்து மணிக்கு ஒருவர் வந்து இஞ்சினை நிறுத்திவிடுவார். விளக்கு மங்கும்போதே பாயை விரித்துவிட வேண்டுமாம்.

என் பல்கலைக்கழகத்தின் நுழைவாயிலில் 'பசுமை வளாகம்' என்ற பெரிய பதாகை தொங்குகிறது. போன பருவத்தில் ஓர் இரவு நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும்போது, ஆளே இல்லாத விரிவுரை அறையில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. குளிர்சாதனமும் ஓடியது. உள்ளே போய் எண்ணினேன். 24 குழல் விளக்குகள், ஒவ்வொன்றும் 36 வாட். 12 மணி நேரம் எரிந்தால் 10 யூனிட்டுக்கு மேல். பாட்டி வீட்டு பில்லில் மாதத்திற்கே 90 யூனிட்தான். அதாவது ஓர் அறையின் ஓர் இரவு, பாட்டிக்கு மூன்றரை நாள்! குளிர்சாதனத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பாதுகாவலரிடம் சொன்னேன். சுவிட்ச் பெட்டியின் சாவி தன்னிடம் இல்லை என்றார். பராமரிப்புப் பிரிவு, புலத்தைக் கேட்கச் சொன்னது. புலம் மீண்டும் பராமரிப்புப் பிரிவையே கைகாட்டியது. யாரும் என்னிடம் கோபப்படவில்லை. ஆனால் அது தன் வேலை என்று சொல்லவும் யாரும் இல்லை.

பசுமைப் பல்கலைக்கழகங்களுக்கு உலகத் தரவரிசையே உண்டு. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய 'கிரீன்மெட்ரிக்' அது. அதில் எரிசக்திக்கும் பருவநிலை மாற்றத்திற்கும் மதிப்பெண் உண்டு. நம் நாட்டின் புத்ரா பல்கலைக்கழகம் இதில் பல ஆண்டுகளாக நல்ல இடம் பெற்றுவருகிறது. தரவரிசை நல்லதுதான். ஆனால் என் கேள்விக்கு நெருக்கமான பதில் வேறோர் இடத்தில் கிடைத்தது.

2025 ஜனவரி 1 முதல் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது மின்சாரக் கணக்கில் 60 லட்சம் யூனிட், அல்லது அதற்கு மேல் பயன்படுத்தும் இடங்கள் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளர் ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்கள் இந்த அளவை எளிதில் தாண்டிவிடும். இதைப் பாட்டியிடம் சொன்னதும், "அட, எங்க இஞ்சின்காரரு மாதிரி!" என்றார்.

எங்கள் வளாகத்தின் எரிசக்தி மேலாளர் யார் என்று கேட்டு மாணவர் பேரவை வழியாகக் கடிதம் கொடுத்திருக்கிறோம். கடிதத்தோடு ஏழு அறைகளின் கணக்கையும் இணைத்தோம். உங்கள் பள்ளியிலும் இதைச் செய்யலாம். விளக்கின் வாட், எண்ணிக்கை, வீணாக எரிந்த மணி நேரம் மூன்றையும் பெருக்கி 1,000ஆல் வகுங்கள். வருவதுதான் யூனிட்.