நான்கு மொழிகளில் நடித்த சரோஜாதேவி



திரையுலகில் புகழ் பெறுதல் அரிது. பெற்ற புகழை நெடுங்காலம் காத்தல் அதனினும் அரிது. கன்னட நாட்டில் பிறந்த பி. சரோஜாதேவி 1955 முதல் 2019 வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரையில் தோன்றியவர். அஃது அவருக்கு எவ்வாறு இயன்றது என்பதைச் சற்று ஆராய்வோம்.

அவர் 1938ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் பெங்களூரில் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் பணிபுரிந்தவர். ஹொன்னப்ப பாகவதர் தயாரித்த 'மகாகவி காளிதாச' என்னும் கன்னடப் படத்தின் வாயிலாக 1955இல் அறிமுகமானார்.

அக்காலத்தில் தென்னிந்தியத் திரைத்தொழிலின் நடுவிடம் சென்னையே. வாகினி, ஏவி.எம். முதலிய நிலையங்களில் ஒரே வளாகத்தில் பல மொழிப் படங்கள் உருவாயின. ஆகவே, பிறமொழியைக் கற்க முன்வந்த நடிகருக்கு வாயில்கள் பல திறந்திருந்தன. சரோஜாதேவி அவ்வாயில்களில் நுழைந்தார். 1957இல் தெலுங்கில் 'பாண்டுரங்க மகாத்மியம்', 1958இல் தமிழில் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்', 1959இல் இந்தியில் 'பைகாம்' என, ஐந்தாண்டுக்குள் நான்கு மொழிகளில் நடித்துவிட்டார்.

அவர் பேசிய தமிழில் கன்னடச் சாயல் இருந்தது. அதற்கு அஞ்சி அவர் வாய்மூடி இருந்தாரில்லை. சொற்களின் பொருளுணர்ந்து தம் குரலிலேயே பேசினார். குறையென எண்ணத்தக்க அச்சாயலே கொஞ்சுதமிழ் எனப் பாராட்டப்பெற்றது. 'கன்னடத்துப் பைங்கிளி' என்று தமிழ் மக்கள் அவரை அழைத்தனர். எங்கள் குரும்பலூர்ப் பக்கத்து மாணவர் சிலர், கல்லூரிக்குச் சென்றதும் தம் ஊர்ப்பேச்சை எவரேனும் நகைப்பரோ என்று நாணி, வகுப்பில் ஐயம் கேட்கவும் தயங்குவதை ஆசிரியப் பணியில் நான் கண்டதுண்டு. அன்னார்க்கு இவ்வம்மையாரின் வாழ்வு நல்லதோர் எடுத்துக்காட்டன்றோ?

வேறொரு காரணமும் உண்டு. அவர் ஒரே வகை வேடத்தில் தேங்கிவிடவில்லை. 1961இல் கன்னடத்தில், ஆங்கிலேயரை எதிர்த்த கித்தூர் அரசி சென்னம்மாவாக வாளேந்தினார். அதே ஆண்டில் 'பாலும் பழமும்' படத்தில் காசநோயுற்ற மனைவியாக நம்மைக் கலங்க வைத்தார். 'அன்பே வா'வில் குறும்புப் பெண்ணானார். 1967இல் மணம் புரிந்த பின்னரும் நடிப்பைத் துறந்தாரில்லை. மறு ஆண்டில் 'பணமா பாசமா' பெருவெற்றி கண்டது. 2009இல் 'ஆதவன்' படத்தில் மூதாட்டியாகத் தோன்றினார். வயதுக்கேற்ற வேடத்தை ஏற்க நாணாதவர்க்கே கலைவாழ்வு நீளும்.

இந்திய அரசு 1969இல் பத்மஸ்ரீ விருதும் 1992இல் பத்மபூஷண் விருதும் அளித்துச் சிறப்பித்தது. 2025 ஜூலை 14இல் அவர் மறைந்தார். அவருடைய கண்கள் தானமாக வழங்கப்பட்டன.

மாணவர்களே, அழகும் இளமையும் அவருக்கு வாயிலைத் திறந்திருக்கலாம். உள்ளே நிலைபெறச் செய்தவை, பிறமொழி கற்கும் ஆர்வமும், காலத்திற்கேற்ப மாறும் துணிவுமேயாம். இவ்விரண்டும் உங்களாலும் அடையத்தக்கவையே.